ஆனைமடு வத்துற வரைக்கும்

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை பிறந்தாச்சு. வேப்பம்பூப் பச்சடி, வடை, பாயசம் எல்லாம் ஆச்சு. சாப்பிட்டு இலையை மடிச்சதும் எனக்கு ஒதுக்கின அறையில வந்து உட்கார்ந்திருக்கேன். அறைன்னா என்ன, நெல்லு மூட்டைக்கு நடுவுல எனக்கும் ஒரு கட்டில் போட்டிருக்காங்க. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் மாட்டுக்கொட்டத்தைப் பார்த்து. ஃபேன் சுத்துது, காத்து மட்டும் வரக் காணோம்.

இன்னையிலேர்ந்து ஒழுங்கா டைரி எழுதுறதுன்னு முடிவு. இந்த வீட்டுல மனசுவிட்டுப் பேசணும்னா ஒண்ணு மாட்டுகிட்ட பேசணும், இல்ல குயிலிகிட்ட பேசணும். குயிலி என் மக. இன்னும் ஒரு வயசு ஆகல.

நிலவரம் இதுதான். என் பொண்டாட்டி அரசி சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சையில தேறி, பொங்கல் கழிஞ்ச கையோட சென்னைக்குப் பயிற்சிக்குப் போயிட்டா. ஒரு வருஷம். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போன் பேச விடுவாங்க. நான் கல்லூரியில விலங்கியல் கெஸ்ட் லெக்சரர், முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி முடியிற கட்டத்துல தொங்கிட்டு இருக்கு. "பூச்சி பார்க்கிற வேலைதானே, எங்கே இருந்தா என்ன"ன்னு எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணி, என்னையும் பிள்ளையையும் அரசியோட பிறந்த வீட்டுல கொண்டாந்து இறக்கிட்டாங்க. எங்க அம்மா இருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காது. அவ போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. இங்கே அத்தைக்கு முட்டி தேஞ்சுபோச்சு. குனிஞ்சு பிள்ளையைத் தூக்க முடியாது, தூக்கினா நிமிர முடியாது. ஆகவே இருபத்துநாலு மணிநேரமும் குயிலி என் இடுப்புல.

மாமா பேரு சோலையம்பலம். ஊர் அம்பலம், அதாவது இந்த ஊருக்குப் பெரிய மனுஷர். என்கிட்ட "மாப்ள, வாங்க, சாப்பிடுங்க, படுங்க" இந்த நாலு வார்த்தைக்கு மேல பேசினதில்ல. மரியாதையிலேயே ஆளைக் கட்டிப்போட முடியும்னு இங்கே வந்துதான் கத்துக்கிட்டேன்.

ஊரை ஒட்டி ஆறு. ஆறுன்னு பேரு. மாசி மாசமே ஓட்டம் நின்னுபோச்சு. நான் திருநெல்வேலிக்காரன், தாமிரபரணியில குதிச்சு வளர்ந்தவன். மணல்ல செருப்பு போட்டு நடக்கிறதை ஆறுன்னு ஒத்துக்க எனக்கு மனசு வரல. மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு பள்ளம், பேரு ஆனைமடு. ஆத்துல இருந்த பூச்சி பொட்டு அத்தனையும் இப்ப அதுக்குள்ளதான். நான் உட்பட.

ஏப்ரல் 16, செவ்வாய்

குயிலிக்கு வயித்தால போகுது. மடுப்பக்கம் போகல. துணி அலசினேன், அலசினேன், அலசிக்கிட்டே இருக்கேன்.

ஏப்ரல் 18, வியாழன்

காலையில மடு. கரை மருதமரத்துல அத்தையோட பழைய சேலையில தூளி கட்டி குயிலியைப் போட்டுட்டு, முழங்கால் தண்ணியில இறங்கினேன். போன வாரம் இடுப்பளவு இருந்தது.

தண்ணி வத்த வத்த ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழி பார்க்குது. மல்லாக்க நீந்துற பூச்சியெல்லாம் பொழுது சாயுற நேரத்துல ரெக்கையை விரிச்சுக் கிளம்பிருது. வேற எங்கே தண்ணி மினுக்குதோ அங்கே போய் விழும். நத்தை சேத்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கும். சிலது முட்டையை மட்டும் மண்ணுல விட்டுட்டு மொத்தமா செத்துப்போகும், அடுத்த மழைக்கு முட்டை பார்த்துக்கும். இதெல்லாம் ஏற்கெனவே புஸ்தகத்துல இருக்கு.

என் ஆளு வேற. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெருசா, காஞ்ச இலை நிறத்துல ஒரு தண்ணிப்பூச்சி. பொட்டை, ஆணோட முதுகுல முட்டையை ஒண்ணுவிடாம ஒட்டி வச்சுட்டு அது பாட்டுக்குப் போயிடும். பொரியிற வரைக்கும் ஆண்தான் சுமக்கணும். முட்டை காஞ்சுடாம, மூச்சு முட்டிடாம தண்ணி மட்டத்துக்கு வந்து வந்து போகணும். ரெக்கை மேலேயே முட்டை ஒட்டியிருக்கிறதால பறக்க முடியாது. மடு வத்துனா இவன் கதி என்ன? முட்டையை உரசித் தள்ளிட்டுப் பறப்பானா, சுமந்துக்கிட்டே சாவானா? ஓடாத ஆத்துல உட்கார்ந்து யாரும் இதை முழுசாப் பார்த்து எழுதலன்னு ஸ்டெல்லா மேடம் சொல்றாங்க. என் வழிகாட்டி அவங்கதான். இதை முடிச்சாத்தான் என் ஆராய்ச்சி முடியும்.

ஆளுக்கு ஆள் அடையாளம் தெரியணுமே. அரசி விட்டுட்டுப் போன நகப்பாலிஷால கழுத்துப் பக்கம் பொட்டு வைக்கிறேன். சிவப்பு, ரோஸ், மஞ்சள். பயிற்சியில நகப்பாலிஷ் போடக் கூடாதாம். நல்லதாப் போச்சு.

மத்தியானம் மேடம் போன் பண்ணாங்க. மைசூர்ல ஒரு ஏரி ஆராய்ச்சித் திட்டத்துல ஆள் எடுக்கிறாங்க, உன் பேரைச் சொல்லிட்டேன், மே இருபதாம் தேதி சேரணும், ரெண்டு வருஷம், முடியுமா முடியாதான்னு இப்பவே சொல்லுன்னாங்க.

முடியும்னு சொல்லிட்டேன்.

சொன்ன பிறகுதான் இடுப்புல இருந்தவ ஞாபகம் வந்தா. அரசிகிட்ட ஞாயித்துக்கிழமை சொல்லணும். நான் கிளம்பினா பிள்ளையைப் பார்க்க அவ பயிற்சியை விட்டுட்டு வரணும். விட்டா அந்த வேலை போச்சு. வேற ஏதாவது ஒரு வழி இருக்கும். இல்லாமலா போகும்?

ஏப்ரல் 21, ஞாயிறு

அரசி பேசினா. குரல் கட்டியிருந்தது. காலையில அஞ்சு மணிக்கு ஓடவிட்டு, வெயில்ல பரேடு நிக்க வச்சு, கத்திக் கத்தி கட்டளை சொல்ல வைக்கிறாங்களாம். "பாதத்துல கொப்புளம். அதை விடுங்க. பாப்பா காதுல வைங்க"ன்னா. வச்சேன். "குயிலி, அம்மாடா, அம்மா பேசுறேன்டா"ன்னு அந்தப் பக்கம் கொஞ்சுறா. இவ போனைப் பிடுங்கி வாயில வச்சுச் சப்புறா. குரல் யாரதுன்னு தெரியல போல. "பாருங்க, என்னைக் கண்டுபிடிச்சுட்டா!"ன்னு அரசி சிரிச்சா. ஆமான்னு சொன்னேன்.

மைசூர் விஷயம் சொல்ல நேரம் இல்ல.

ஏப்ரல் 24, புதன்

ஆட்டோவுல மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லிட்டுப் போறாங்க. ஆனைமடுவுக்குக் கட்டு போட்டாச்சாம். கட்டுன்னா காவல். இனிமே யாரும் மடுவுல வலை, தூண்டில் எதுவும் போடக் கூடாது. ஜூன் ரெண்டாம் தேதி மடு அழிப்பு. அன்னைக்கு அக்கம்பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் வரும். சாமி கும்பிட்டு, அம்பலம் கரையில நின்னு வெள்ளைத் துண்டை வீசினதும் எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கி மீன் பிடிப்பாங்க. யார் பிடிச்சாலும் அவங்கவங்களுக்கு. மீனை விக்கக் கூடாது, குழம்பு வச்சுத் திங்கணும். அப்பத்தான் அடுத்த மழை பெய்யுமாம்.

"மூணு தலைமுறையா எங்க வீட்டு வெள்ளைதான் மாப்ள"ன்னார் மாமா ராத்திரிச் சாப்பாட்டுல. அஞ்சாவது வார்த்தை பேசிட்டார்! ட்ரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்தே காட்டினார். நாலு முழம் கைத்தறி. கஞ்சி போடாம, மடிப்புக் கலையாம வச்சிருந்தாங்க. "வத்தாத ஆத்துக்காரவுகளுக்கு இதெல்லாம் வேடிக்கையா இருக்கும்"ன்னு சிரிச்சார். சிரிச்சா நல்லாத்தான் இருக்கார் மனுஷன்.

ஜூன் ரெண்டு எனக்குத் தாராளம். மே பதினெட்டுக்குள்ள எனக்கு வேண்டியது கிடைச்சுடும். என் கைவலை டீ வடிகட்டியைவிடக் கொஞ்சம் பெருசு. அதை வலைன்னு எவன் சொல்லுவான்?

ஏப்ரல் 27, சனி

சொல்லிட்டான்.

காலையில மஞ்சள் பொட்டுக்காரன் முதுகுல புது முட்டை. நேத்து இல்ல. வரிசை வரிசையா, ஒரு இடம் பாக்கி இல்லாம. மெதுவா வலையை அடியில விட்டுத் தூக்குறேன். கூடவே விரல் நீளத்துக்கு ஒரு விரால் குஞ்சும் ஏறிடுச்சு. அது துள்ள, நான் "ஏய் சும்மா இருலே"ன்னு அதட்ட, கரையில மாயழகு நிக்கிறார். மேலத்தெருக்காரர். மாமாவுக்கும் அவருக்கும் பல வருஷமா ஆகாது.

"நல்லா இருக்கே! அம்பலம் வீட்டு மருமகனே கட்டுப் போட்ட மடுவுல வலை போட்டா, நாங்கெல்லாம் எதுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கோம்?"

"அண்ணே, இது மீனுக்கில்ல. பூச்சிக்கு."

"பூச்சிக்கா? அப்ப வலையில துள்ளுறது என்ன, வெட்டுக்கிளியா?"

மீனைத் தண்ணியில விட்டேன். அது இன்னும் தப்பாப் போச்சு. திருடினவன் பொருளைத் தூர எறியிற மாதிரி ஆயிடுச்சு. தூளியில குயிலி முழிச்சு வீல்னு கத்தறா. மாயழகு அவளைத் தூக்கி என் கையில கொடுத்தார். "பிள்ளையை வச்சுக்கிட்டு இந்தப் பொழைப்பு வேணுமா உங்களுக்கு?"ன்னு கேட்டுட்டு ஊருக்குள்ள நடந்தார். நான் வீடு வர்றதுக்குள்ள சேதி வந்து உட்கார்ந்திருந்தது.

மாமா ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கோயில் முன்னாடி ஊர்க்காரங்க கூடினாங்க. என்னையும் வரச் சொன்னாங்க. வேற வழியில்லாம குயிலியைத் தூக்கிட்டுப் போய் ஓரமா நின்னேன். பூச்சி, முட்டை, ஆராய்ச்சின்னு நான் ஆரம்பிச்சதும் பின்னாலேர்ந்து ஒருத்தன் "பூச்சி வாத்தியாரே, கொசுவையும் சேர்த்துப் பிடிங்க, புண்ணியமாப் போகும்"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. மாமா மட்டும் சிரிக்கல, முறைக்கவும் இல்ல. எழுந்து தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டார்.

"தப்பு என் வீட்டுது. இந்த வருசம் வெள்ளை என் கையில வேண்டாம். மாயழகு வீசட்டும்."

மாயழகே இதை எதிர்பார்க்கல. அப்புறம் ஆளாளுக்குப் பேசி, இனி காவல் காத்து என்னத்துக்கு ஆகப்போகுது, சந்தேகத்தோட எதுக்கு இழுக்கணும்னு, அழிப்பை அடுத்த ஞாயித்துக்கிழமைக்கே மாத்திட்டாங்க. மே அஞ்சு. அதுவரைக்கும் நான் தண்ணியில கால் வைக்கக் கூடாது. கரையில நின்னு பார்த்துக்கலாம்.

நானே என் மடுவுக்கு நாள் குறிச்சுட்டேன். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிறதுன்னு சொல்லுவாங்களே, அது இதுதான்.

சாயங்காலம் அரசி போன். எப்படியோ அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. "அப்பா வெள்ளையை விட்டுக் கொடுத்துட்டாராமே? நெசமா?"ன்னு கேட்டா. "சின்ன விஷயந்தான், நீ பரேடைப் பாரு"ன்னேன். "சின்ன விஷயமா? எங்க தாத்தா சாகக் கிடந்தப்பக்கூட கட்டிலோட தூக்கிட்டு வரச் சொல்லி வீசினார்ங்க"ன்னா. அதுக்கு மேல மைசூரை எங்கே சொல்றது?

ஏப்ரல் 30, செவ்வாய்

வெயில் கொளுத்துது. மடு ஒரு கல்யாணப் பந்தி அளவுக்குச் சுருங்கிப்போச்சு. கரையில குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தொலைநோக்கியில பார்க்கிறேன். போறவன் வர்றவனெல்லாம் "என்ன வாத்தியாரே, தெரியுதா?"ன்னு கேட்டுட்டுப் போறான். வீட்டுல மாமா பேச்சில்ல. சாப்பிடுங்க, படுங்க, அது ரெண்டும்கூட நின்னுபோச்சு. தட்டுல சோறு வருது, யார் வச்சாங்கன்னு தெரியல. ஊருக்குள்ள போனா சிரிப்பு, அறைக்குள்ள போனா நெல்லு மூட்டை, மாட்டுக்கொட்டம். எங்கே திரும்பினாலும் சுவரு. மூச்சு முட்டுது எனக்கு.

ஆனா இன்னைக்கு ஒண்ணு கிடைச்சது. சிவப்புப் பொட்டுக்காரன் ஒரு கருவேலங்குச்சியில முதுகை வச்சுத் தேச்சுத் தேச்சு முட்டையை மொத்தமாத் தள்ளிட்டான். கொஞ்ச நேரம் வெயில்ல காஞ்சான். ரெக்கையை விரிச்சான். போயிட்டான்!

எனக்குச் சந்தோஷம் தாங்கல. "பார்த்தியா, பார்த்தியா"ன்னு குயிலியைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சேன். மேடத்துக்கு உடனே மெசேஜ் போட்டேன். இயற்கையே அப்படித்தான் இருக்கு. நெருக்கடின்னு வந்தா விட்டுட்டுத்தான் போகணும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. புழு பூச்சிக்கே தெரிஞ்ச விஷயம்.

மஞ்சள் பொட்டுக்காரன் மட்டும் முட்டையோட இன்னும் மேல வந்து வந்து போறான். மடையன்.

மே 2, வியாழன்

நான் குளிக்கப் போன நேரத்துல குயிலி அழுதிருக்கா. அத்தை தூக்கப்போய் முட்டி பிசகி அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. நான் ஈரத்துண்டோட ஓடி வந்தேன். "தம்பி, நான் விழுந்தாலும் பிள்ளையை விடலய்யா"ன்னு அத்தை அழறாங்க. மாமா வாசல்ல நின்னு பார்த்துட்டு, தைலம் எடுத்துட்டு வந்து அத்தை காலைப் பிடிச்சு உட்கார்ந்தார்.

குயிலி அத்தை மடியிலேர்ந்து ரெண்டு கையையும் என்னைப் பார்த்து நீட்டி, தெளிவா, "ம்மா"ன்னு கூப்பிட்டா.

முதல் தடவையா வாய் திறந்து ஒரு சொல். அத்தை என்னைப் பார்த்தாங்க. நான் பால் ஆத்தணும்னு உள்ளே போயிட்டேன்.

மே 3, வெள்ளி

நாலு தடவை சொல்லிட்டா. என்னைப் பார்த்துத்தான். அரசிகிட்ட இதைச் சொல்ல வேண்டாம்.

மே 4, சனி

முடிவு பண்ணியாச்சு. நாளைக்கு அழிப்பு முடிஞ்சதும் அரசி போன் வரும். விஷயத்தைப் பட்டுன்னு போட்டு உடைச்சுட வேண்டியதுதான். பயிற்சியை விடுன்னு நான் சொல்ல மாட்டேன். நான் போறேன், நீ என்ன பண்றேன்னு மட்டும் கேட்பேன். ரெண்டும் ஒண்ணுதான்னு தெரியும்.

ராத்திரிக்கு மூட்டை கட்டலாம்னு பையை எடுத்தா, குயிலி அதுக்குள்ள ஏறி உட்கார்ந்துக்கிட்டா. இறக்கினா கத்தறா.

மே 5, ஞாயிறு

விடியறதுக்குள்ள சனம் வந்து குமிஞ்சுடுச்சு. டிராக்டர், மினி லாரி, டூவீலர். ஊத்தாக் கூடை, கச்சா வலை, கொசுவலை, பழைய சேலைன்னு ஆளுக்கொண்ணு கையில. மடு இருக்கிறதோ ஒரு பந்தி அளவு, ஆளு ரெண்டு மாநாட்டுக்குச் சேரும். நான் குயிலியை இடுப்புல வச்சுக்கிட்டு மருதமரத்தடியில நின்னேன். மாமா கூட்டத்துல, சும்மா ஒரு ஆளா, கையைக் கட்டிக்கிட்டு நின்னார். அவரு அப்படி நிக்கிறதை என்னால பார்க்க முடியல. என்னாலதானே.

பூசாரி கற்பூரம் காட்டினார். மாயழகு மேட்டுல ஏறினார். அவரு கையில ஒரு துண்டு. புதுசு, கடை மடிப்பு போகல. வீசுறதுக்கு முன்னாடி அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தலையை ஆட்டினார். துண்டு பறந்தது.

அவ்வளவுதான். ஓன்னு சத்தம். தண்ணி எது, ஆள் எது, சேறு எதுன்னு தெரியல. விரால், கெளுத்தி, கெண்டை, ஆளாளுக்குத் தூக்கிக் காட்டறாங்க. குயிலி கையைத் தட்டிச் சிரிக்கிறா. பல மாசம் நான் தினம் வந்து பார்த்த இடம், டீ குடிச்சு முடிக்கிற நேரத்துல கொழகொழன்னு ஒரு சேத்து வயல்.

சனம் கலைஞ்ச பிறகு சேத்துல இறங்கினேன். தண்ணி இல்லாத இடத்துல கால் வச்சா எவனும் கேட்க முடியாதே. எல்லாம் செத்துக் கிடக்கு. நசுங்கின பூச்சியெல்லாம் கையில எடுத்துப் பார்க்கிறேன். ரோஸ் பொட்டு ஒண்ணு, பாதி உடம்பு.

அப்ப ஒரு காஞ்ச இலை நகர்ற மாதிரி இருந்தது. மஞ்சள் பொட்டு. முதுகுல முட்டை அப்படியே இருக்கு, சேறு பூசிக்கிட்டு. பறக்கல, முட்டையைத் தேச்சுத் தள்ளவும் இல்ல. நடக்குறான். நீந்துறதுக்குன்னு இருக்கிற காலை வச்சுக்கிட்டு, சேத்துல விழுந்து விழுந்து எழுந்து நடக்குறான். எங்கேடா போறேன்னு பார்த்தா, ஓரத்துல மாட்டுக் குளம்புப் பள்ளம் ஒண்ணு. உள்ளங்கையளவு தண்ணி. அதைப் பார்த்துப் போறான். இப்படி ஒரு வழி இருக்கும்னு நான் நினைச்சுக்கூடப் பார்க்கல.

நான் பார்க்கணும், எழுதணும், தொடக் கூடாது. அதுதான் முறை. குழியை எட்ட ரெண்டு முழம் இருக்கிறப்ப ஒரு கொக்கு வந்து இறங்குச்சு. பாய்ஞ்சு பூச்சியை அள்ளிட்டேன். ஆராய்ச்சி நாசமாப் போகட்டும்.

"இதுக்குத்தானா மாப்ள?"

மாமா பின்னால நிக்கிறார், வேட்டியை மடிச்சுக் கட்டி, முழங்கால் வரைக்கும் சேறு. கையை விரிச்சுக் காட்டினேன். குனிஞ்சு பார்த்தார்.

"முதுகுல என்ன, முட்டையா?"

"ஆமா மாமா. இது ஆண். ஆண்தான் சுமக்கும்."

"பொட்டை?"

"அது வேலைக்குப் போயிடும்."

ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. மாமா என்னையும் இடுப்புல இருக்கிறவளையும் மாத்தி மாத்திப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துடுச்சு. சேத்துல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். மைசூர், மே இருபது, சரின்னு சொன்னது, அரசிகிட்ட மறைச்சது, உங்க வெள்ளை என்னால போச்சே மாமா, எல்லாம்.

"அப்ப பிள்ளை?"ன்னு மட்டும் கேட்டார்.

"தூக்கிட்டுப் போறேன்."

வாயிலேர்ந்து வந்த பிறகுதான் அது என் முடிவுன்னு எனக்கே தெரிஞ்சது.

"ஆம்பளை தனியா, கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, தெரியாத ஊருல. ஊரு சிரிக்கும் மாப்ள."

"ஆமா மாமா."

மாமா வேட்டி மடிப்பை இறுக்கிக் கட்டினார். "சிரிக்கட்டும். ஏற்கெனவே சிரிச்சாச்சு. செத்தா போயிட்டோம்?"ன்னுட்டு, என் கையிலிருந்த பூச்சியைத் தன் உள்ளங்கையில வாங்கிக்கிட்டு முன்னால நடந்தார். வீட்டுக்கு வந்து மாட்டுத் தொட்டியில விட்டார்.

சாயங்காலம் அரசி. பட்டுன்னு சொன்னேன், ஆனா நேத்து நினைச்ச மாதிரி இல்ல. அவ பக்கம் யாரோ விசில் ஊதற சத்தம் கேட்டது.

"என்னை வரச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்"ன்னா. "போன வாரமே உங்க குரல்ல தெரிஞ்சது, என்னமோ இருக்குன்னு. எழுதிக் கொடுத்துட்டு வந்துடலாம்னு நாலு நாளா புழுங்கிட்டுக் கிடக்கேன். யார்கிட்ட சொல்றது இங்கே?"

"வராதே. தோள்ல நட்சத்திரத்தைக் குத்திக்கிட்டு வா."

அப்புறம் அவளே கேட்டா. "பாப்பா ஏதாச்சும் பேசுறாளா? ம்மா சொல்றாளா?"

"சொல்றா."

"யாரை?"

பொய் சொல்ல ஆரம்பிச்சேன். முடியல. "என்னை"ன்னேன்.

அந்தப் பக்கம் அழுறாளா சிரிக்கிறாளான்னு பிரிக்க முடியாத மாதிரி ஒரு சத்தம். "ரெண்டு பேரும் நல்லா இருங்க. நான் வந்து அவளுக்கு ஆள் மாத்திச் சொல்லிக் கொடுக்கிறேன்"ன்னு வச்சுட்டா. பாவம் அவ.

மே 6, திங்கள்

குழந்தையோட வரலாமான்னு ஸ்டெல்லா மேடத்தைக் கேட்டேன். பத்து நிமிஷம் திட்டினாங்க. கடைசியில, மைசூர் வளாகத்துலயே குழந்தைக் காப்பகம் இருக்கு, பகல்ல விடலாம், பேரை இன்னைக்கே எழுதி வைக்கிறேன்னாங்க. மஞ்சள் பொட்டு விஷயத்தை, கொக்கு உட்பட, அப்படியே எழுதி அனுப்பச் சொன்னாங்க.

மே 8, புதன்

பொரிச்சிருச்சு! தொட்டி முழுக்கக் கடுகளவுக்குக் குஞ்சு. மாமா அதுக்கு மேல சாக்கு போட்டு மூடி, பக்கத்துல காவலும் உட்கார்ந்தாச்சு. மாட்டுக்கு அண்டாவுல தண்ணி வைக்கிறார். "மாடு வாயில்லாத சீவன்தான், அதுக்காக இதையெல்லாமா குடிக்க விட முடியும்?"ன்னு அத்தைகிட்ட சண்டை.

காலி முட்டைக்கூட்டை முதுகுலேர்ந்து மஞ்சள் பொட்டுக்காரன் உதிர்த்துட்டான். ராத்திரி ஆளைக் காணோம்.

மே 18, சனி

மதுரையிலேர்ந்து மைசூர் போற பஸ்ஸுல உட்கார்ந்து எழுதுறேன், கிறுக்கலா இருக்கு.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாமா வந்தார். ஒரு தோள்ல பை, ஒரு இடுப்புல பிள்ளை, கையில பால் ஃபிளாஸ்க்குன்னு நான் தடுமாறுறதைப் பார்த்தார். "இருங்க மாப்ள"ன்னு தன் பையைத் திறந்து அந்த வெள்ளையை எடுத்தார். மூணு தலைமுறை மடிப்பை ஒரே உதறல்ல விரிச்சு, என் தோள்லேர்ந்து இடுப்புக்குக் குறுக்கே சுத்தி, முடிச்சுப் போட்டு, அதுக்குள்ள குயிலியை உட்கார வச்சார்.

"மாமா, இது வீசுற..."

"அடுத்த வருசம் மடு அழிப்புக்குக் கொண்டுக்கிட்டு வாங்க. மூணு பேரும். அதுவரைக்கும் சும்மா பெட்டியில கிடந்து என்ன பண்ணப்போகுது?"

பஸ் கிளம்பினப்ப அவர் கையை ஆட்டல. ஜன்னலுக்குப் பக்கத்துலயே நடந்து வந்தார், வெளிவாசல் வரைக்கும்.

பக்கத்து சீட்டுல ஒரு அம்மா. திண்டுக்கல் வரைக்கும் என்னையும் துண்டையும் பார்த்துக்கிட்டே வந்தாங்க. கடைசியில பொறுக்க முடியாம, "ஏந்தம்பி, பச்சைப்பிள்ளையை வச்சுக்கிட்டுத் தனியாப் போறீகளே, இவ அம்மா எங்கே?"ன்னு கேட்டாங்க.

நான் பதில் சொல்றதுக்குள்ள குயிலி துண்டுக்குள்ளேர்ந்து கையை நீட்டி, என் மீசையைப் பிடிச்சு இழுத்து, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி "ம்மா"ன்னா.

"இப்போதைக்கு நான்தாம்மா"ன்னேன்.